பாண் பையில் வரைந்த கோடுகள்: ஆரம்ப வெண்புள்ளி ஒன்றின் மூன்று ஆண்டுகள்

14 வயது. தரம் 9 படிக்கும் பெண்பிள்ளை. துணுக்காய்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தாயும் அம்மம்மாவும் கூட்டி வந்திருந்தார்கள். 2022 மே மாதம், 24ஆம் திகதி. டீசலுக்கு வரிசை நீண்டிருந்த காலம். பஸ் வந்தால் வரும், இல்லாவிட்டால் நடைதான். விடியப்புறம் வெளிக்கிட்டு, வெளிநோயாளர் பிரிவில் பத்தரை மணிவரை காத்திருந்து, என் மேசைக்கு வந்ததும் அம்மம்மாதான் முதலில் வாய் திறந்தார்.

"டொக்டர், இது குட்டந்தானே? ஒளிக்காமல் சொல்லுங்கோ. நாங்கள் தனிக் கோப்பை, தனிப் பாய் எல்லாம் குடுத்திட்டம்."

பிள்ளை நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். இரண்டு கைகளையும் பாவாடை மடிப்புக்குள் வைத்திருந்தாள்.

தாயும் பிள்ளையும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கில் எதையும் மாற்றவில்லை. தோல் இடத்துக்கிடம் நிறமிழந்து வெளுக்கும் வெண்புள்ளி நோய் வந்த முதல் சில மாதங்களில் எதைப் பார்க்க வேண்டும் என்று இந்தப் பிள்ளையிடம் நான் படித்தது நிறைய. வருகிற எல்லோரும் புள்ளி எவ்வளவு பெரிது என்றுதான் கேட்பார்கள். நானும் முன்பு அதைத்தான் அளந்து எழுதுவேன். ஆனால் நோய் ஓடுகிறதா நிற்கிறதா என்பது புள்ளியின் ஓரத்தில்தான் எழுதியிருக்கிறது.

வந்த வழி

அந்த ஆண்டு தைப்பொங்கலுக்குக் கிட்ட, வலது கண்ணின் வெளி ஓரத்தில் பயறளவு வெளிர்ப்பு. தாய் அதைத் தேமல் என்று நினைத்தார். பிழையான நினைப்பு என்று சொல்லமாட்டேன். பள்ளிப் பிள்ளைகளின் முகத்தில் வரும் வெளிர்ப்பு பெரும்பாலும் தேமல்தான். பாமசியில் கேட்டு வாங்கிய பூஞ்சைக் கிறீமை 5 கிழமை பூசினார்கள். அது குறையவில்லை. எரியவும் இல்லை, கடிக்கவும் இல்லை என்பதால் அவசரப்படவும் இல்லை.

மார்ச்சில் இரண்டு கைகளின் விரல் மொளிகளிலும் வெள்ளை தெரிந்தது. இப்போதுதான் வீட்டில் பயம் பிடித்தது. அம்மம்மா தெரிந்த ஒருவரிடம் கார்போகரிசி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் வாங்கி வந்தார். பூசிவிட்டு வெயிலில் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். மார்ச் மாத வன்னி வெயில் எப்படியென்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்றாம் நாள் மொளிகள் கொப்புளம் போட்டன. கொப்புளம் உடைந்து ஆறியபோது முன்பிருந்ததைவிடப் பெரிய வெள்ளை.

கார்போகரிசியை நான் குறைத்துப் பேசமாட்டேன். அதில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. தோலை வெளிச்சத்துக்குக் கூச வைத்து நிறத்தைத் தூண்டுவது அதுதான். அதே சோராலெனை அளந்து கொடுத்து, அளந்த புற ஊதா ஒளியும் காட்டும் சிகிச்சை ஆஸ்பத்திரிகளிலேயே பல பத்தாண்டுகள் நடந்தது. பழைய வைத்தியம் சரியான மூலிகையைத்தான் கண்டுபிடித்திருக்கிறது. எண்ணெயில் எவ்வளவு இறங்கியது, வெயில் எவ்வளவு பட்டது என்று அளக்க வழியில்லாததுதான் ஆபத்து. நிறமிழந்த தோலுக்குத் தன்னைக் காக்கக் கவசமும் இல்லை.

ஏப்ரல் தொடக்கத்தில், பள்ளிக்கூடம் போகும் கிரவல் றோட்டில் சைக்கிள் சறுக்கி இடது முழங்கால் உரஞ்சியது. காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. ஆறிய இடம் ஒரு மாதத்துக்குள் வெளுத்தது. தாய் இதைச் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது: "காயம் மாறிச்சுது டொக்டர், நிறம் திரும்பி வரேல்லை."

இதற்கிடையில் சாப்பாட்டிலும் கை வைத்துவிட்டார்கள். மீனும் தயிரும் சேர்ந்தால் வெள்ளை விழும் என்ற நம்பிக்கை எங்கள் பக்கத்தில் பலமானது. வவுனிக்குளத்து மீனும் எருமைத் தயிரும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்க, வளரும் பிள்ளைக்கு இரண்டையும் மூன்று மாதமாக நிறுத்தி, புளிப்பையும் நிறுத்தியிருந்தார்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் முன்பு எழுதிய நிறையைவிட 2 கிலோ குறைந்திருந்தாள். மீனும் தயிரும் சேர்வதால் வெண்புள்ளி வராது. நிறுத்துவதால் அது போகாது. அன்று நான் எழுதிய முதல் சீட்டு மருந்துக்கானதல்ல. மீன், முட்டை, தயிர் மூன்றும் வழமைபோல் கொடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அம்மம்மாவுக்குக் கையெழுத்து வேண்டியிருந்தது.

குடும்பத்தில் வேறு யாருக்கும் வெண்புள்ளி இல்லை. தாயின் தங்கைக்குத் தைரோயிட் குறைபாடு, குளிசை எடுக்கிறார். இதைக் குறித்துக்கொண்டேன், ஏனென்று பிறகு சொல்கிறேன்.

இன்னொன்றும் இருந்தது. தாயின் வலது புயத்தில் 2009இல் போரின்போது மாத்தளனில் எறிகணைத் துண்டு பட்ட தழும்பு, வெள்ளையாக, மினுங்கலாக. அப்போது இந்தப் பிள்ளை கைக்குழந்தை. அந்த வெள்ளைதான் பிள்ளையில் இறங்கிவிட்டது என்று அம்மம்மா நம்பினார். தாய் அதை மறுக்கவில்லை. தான்தான் காரணம் என்று பல மாதம் மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார். ஆழமான காயம் தோலின் நிறச் செல்களையும் சேர்த்து அழித்துவிடுகிறது, அந்த இடத்தில் தழும்பு வெளுக்கிறது, அவ்வளவுதான். அது அடுத்த தலைமுறைக்குப் போகாது, உடம்பில் வேறிடத்துக்கும் பரவாது. இதைச் சொல்லி முடிக்க எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. அன்றைய வரிசையில் ஐந்து நிமிடம் பெரிய விலைதான். ஆனாலும் அன்று செய்த வேலைகளில் இதை நான் மேலே வைப்பேன்.

பஞ்சுத் துண்டு

முதலில் இது குட்டமா, அதாவது தொழுநோயா, என்ற கேள்வியைத் தீர்க்க வேண்டும். வெண்புள்ளியை எங்கள் ஊரில் வெண்குட்டம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்த ஒரு சொல் இரண்டு வேறு நோய்களை ஒரே பாயில் படுக்க வைத்துவிட்டது. தொழுநோய் ஒரு பக்டீரியாவால் வருவது, நரம்பைத் தாக்குவது, மருந்தால் முழுமையாகக் குணமாவது. வெண்புள்ளி கிருமியால் வருவதே இல்லை. தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால், ஒரே பாயில் படுத்தால் ஒட்டாது.

ஆனால் அம்மம்மாவின் கேள்வியை அலட்சியம் செய்யவும் கூடாது. இலங்கை 1995இலேயே தொழுநோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இறக்கிவிட்டது. அப்படியிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேல் புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. நிறம் மங்கிய எந்தப் புள்ளியையும் தொட்டுப் பார்க்காமல் பெயர் சொல்லக்கூடாது.

"பிள்ளை, கண்ணை மூடுங்கோ. பஞ்சு பட்ட இடத்தை விரலால காட்டுங்கோ."

முழங்கால், மொளி, மீண்டும் முழங்கால், நல்ல தோல், கண்ணோரம். ஒன்றும் தவறவில்லை. குளிர்ந்த குழாயையும் சூடான குழாயையும் பிரித்துச் சொன்னாள். முகத்தில் நரம்புகள் அடர்த்தி என்பதால் தொழுநோய்ப் புள்ளியிலும் உணர்வு மிஞ்சியிருக்கலாம். அதனால் முகத்துப் புள்ளியின் பஞ்சுச் சோதனையை மட்டும் நம்பக்கூடாது. முழங்கையில் ஓடும் நரம்பையும் காதுக்குக் கீழே கழுத்தில் ஓடும் நரம்பையும் விரலால் உருட்டிப் பார்த்தேன். தடிப்பில்லை, நோவில்லை. வெள்ளையான இடங்களில் வியர்வை இருந்தது, மயிரும் கொட்டவில்லை. தொழுநோய்ப் புள்ளி பொதுவாக முழு வெள்ளையாகவும் இருப்பதில்லை. மங்கலாக, சிலவேளை செம்பு நிறத்தில் இருக்கும். இங்கே சுண்ணாம்பு வெள்ளை.

தேமலும் இல்லை. சிறுவர் முகத்து வெளிர்ப்பில் ஓரம் கரைந்து போயிருக்கும், மெல்லிய பொருக்கு இருக்கும், நிறம் மங்குமே தவிர முற்றாகப் போகாது. முதுகிலும் நெஞ்சிலும் வரும் பூஞ்சைத் தேமலை நகத்தால் சுரண்டினால் தவிடுபோல உதிரும். இவளிடம் எதுவும் உதிரவில்லை. வெள்ளைக்கு மேலே தோல் பட்டுப்போல இருந்தது.

அம்மம்மாவைக் கூப்பிட்டு, பஞ்சை அவர் கையில் கொடுத்து, நீங்களே பாருங்கோ ஆச்சி என்றேன். அவர் இரண்டு தரம் செய்து பார்த்தார். பிள்ளை இரண்டு தரமும் சரியாகக் காட்டினாள். அன்றிரவே தனிக் கோப்பை எடுபட்டது என்று பிறகு அறிந்தேன்.

ஓரம்

எல்லா வெள்ளையையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அவளுடைய உள்ளங்கையில் கால்வாசி வராது. விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை உடம்புத் தோலில் ஏறத்தாழ 1 வீதம். அந்தக் கணக்கில் இது அரை வீதத்துக்கும் கீழே. கடதாசியில் எழுதினால் சின்ன நோய். சில மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பக்கூடிய அளவு. முன்பு நான் அப்படி அனுப்பியிருக்கிறேன்.

அன்று யன்னல் வெளிச்சத்தில் முழங்காலை வைத்துப் பார்த்தபோது மூன்று விடயம் தெரிந்தது.

முழங்கால் வெள்ளைக்கும் நல்ல தோலுக்கும் இடையில் இன்னொரு நிறம். பால்தேநீர்போல, இரண்டுக்கும் நடுவிலான ஒரு வளையம், 3 மில்லிமீற்றர் அகலம். வெள்ளை, இடைநிறம், இயல்பு நிறம் என்று மூன்று நிறம் தெரிந்தால் அந்த ஓரம் இன்னும் நகர்கிறது. நோய் அடங்கிய புள்ளிக்கு ஓரம் கோடு கீறினாற்போல இருக்கும். சிலவேளை ஓரத்தில் நிறம் கூடியும் தெரியும்.

இரண்டாவது, அந்தக் காயமே. உரஞ்சிய வடிவத்திலேயே வெள்ளை விழுந்திருந்தது. கிரவல் கீறிய கோடுகள்கூடத் தெரிந்தன. மொளிகளில் கொப்புளம் போட்ட இடமும் அப்படித்தான். காயம், உரசல், சூடு பட்ட இடத்தில் நோய் புதிதாக முளைப்பதை கோப்னர் தோற்றப்பாடு என்பார்கள். இது இருந்தால் நோய் விழித்திருக்கிறது என்று பொருள் கொள்ளலாம்.

மூன்றாவதைத் தாயே கவனித்திருக்கவில்லை. இடது கணைக்காலில் அரிசிக் குறுணல் சிந்தினாற்போல பதினைந்துக்கு மேற்பட்ட சின்னஞ்சிறு வெள்ளைகள், ஒவ்வொன்றும் 1 முதல் 3 மில்லிமீற்றர். வெண்புள்ளியில் நான் பயப்படும் அடையாளம் இதுதான். இப்படிக் குறுணல் விழுந்த நோயாளிகளில் அடுத்த சில மாதங்களில் வேகமாகப் பரவுவது அதிகம். குறுணல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய படையாகிவிடும்.

ஆக, அரை வீதம்கூட வராத நோய், ஆனால் மூன்று இடத்திலும் ஓடிக்கொண்டிருக்கிற நோய்.

கண்ணோரப் புள்ளியில் மூன்று இமைமயிர் வெளுத்திருந்தது. அதன் பொருள் வேறு. தோலின் நிறச் செல்களுக்கு ஒரு சேமிப்புக் கிடங்கு உண்டு, அது மயிர்க்காலுக்குள் இருக்கிறது. மேல்தோலில் செல்கள் அழிந்தாலும் அங்கிருந்து புதியவை ஏறிவர முடியும். மயிரே வெளுத்துவிட்டால் அந்தக் கிடங்கும் காலியாகிறது, நிறம் திரும்புவது கடினமாகிறது. நல்ல வேளை, மூன்று மயிர் மட்டும். முழங்காலின் பூனைமயிர் எல்லாம் கறுப்பாகவே இருந்தது.

வெளுத்த இடத்தை ஒளிரவைத்துக் காட்டும் வூட் விளக்கு என்ற புற ஊதா விளக்கு அன்று என்னிடம் இருக்கவில்லை. கமெராவில் எடுத்தால் வெளிச்சத்துக்கு வெளிச்சம் நிறம் மாறும், படத்தை வைத்து ஓரத்தை ஒப்பிட முடியாது. கதிரையில் யாரோ விட்டுப்போன பாண் பை கிடந்தது. அதைக் கழுவித் துடைத்து முழங்காலில் விரித்து, மார்க்கரால் வெள்ளையின் ஓரத்தைச் சுற்றி வரைந்தேன். முழங்கால் சில்லின் மேல்முனையை அடையாளப் புள்ளியாக வைத்துக்கொண்டேன். திகதி போட்டேன். கண்ணோரத்துக்கு ஒன்று, கைகளுக்கு இரண்டு. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை இதேபோல வரைந்து வைக்கும்படி தாயிடம் சொன்னேன். பிள்ளைதான் அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். கணிதத்தில் கெட்டிக்காரி, பிறகு அவளாகவே சதுரக்கோட்டுக் கொப்பித் தாளைக் கீழே வைத்துக் கட்டங்களை எண்ணத் தொடங்கினாள்.

உள்ளே நடப்பது

நிறத்தைத் தருவது மெலனோசைற் என்ற செல். மேல்தோலின் அடித்தளத்தில் இருந்துகொண்டு, சுற்றியுள்ள ஏறத்தாழ 36 தோல் செல்களுக்கு ஒரு மெலனோசைற் நிறம் பரிமாறுகிறது. வெண்புள்ளியில் உடம்பின் காவல் செல்களே இதைப் பகையென்று எண்ணி அழிக்கின்றன. காவல் செல்கள் இன்ரபெரோன் காமா என்ற செய்தியை விடுகின்றன. அதைக் கேட்ட தோல் செல்கள் இன்னும் காவல் செல்களைக் கூப்பிடுகின்றன. வந்தவை மீண்டும் அதே செய்தியை விடுகின்றன. இந்தச் சங்கிலி அறுபடாதவரை ஓரம் நகர்ந்துகொண்டே போகும். நோய் அடங்கிய பிறகும் சில காவல் செல்கள் அதே இடத்தில் நினைவோடு குடியிருந்துவிடும். பல ஆண்டு கழித்தும் பழைய இடத்திலேயே வெள்ளை திரும்புவது அதனால்தான்.

உடம்பு தன்னையே தாக்கும் குணம் குடும்பத்தில் ஓடுவதால், சின்னம்மாவின் தைரோயிட்டும் பிள்ளையின் தோலும் தூரத்து உறவு. வெண்புள்ளி உள்ளவர்களிடம் தைரோயிட் நோய் மற்றவர்களைவிட அதிகம் காணப்படும். தைரோயிட்டின் நிலையைக் காட்டும் டீஎஸ்எச் அளவை இரத்தத்தில் பார்த்தோம், இயல்பு. ஆண்டுக்கொருமுறை பார்க்கிறோம். பரம்பரை என்றதும் கலியாணப் பேச்சை எடுப்பார்கள், எடுத்தார்கள். நிலவரம் இது: வெண்புள்ளி உள்ள பெற்றோரின் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அது வருவதில்லை. ஒரே கருவில் பிறந்த அச்சொத்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. மரபணு மட்டும் காரணமாக இருந்தால் அது முழுப் பங்காக இருந்திருக்கும்.

எந்தப் பாதையில் போகும்

வெண்புள்ளி உலகில் நூறு பேரில் அரை முதல் இரண்டு பேருக்கு வருகிறது. ஏறத்தாழ பாதிப்பேருக்கு 20 வயதுக்கு முன். தொடக்கத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் போகும் பாதை ஒன்றல்ல.

ஒருபக்கப் பட்டையாக வருவது ஒன்று. அதே ஆண்டு விசுவமடுப் பக்கத்திலிருந்து வந்த 9 வயதுப் பையனுக்குத் தாடையின் இடப்பக்கம் மட்டும் நடுக்கோட்டைத் தாண்டாத பட்டை. இந்த வகை சிறு வயதிலேயே வரும், வேகமாகப் பரவும், மயிர் சீக்கிரம் வெளுக்கும். ஆனால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். உடம்பின் மறுபக்கத்துக்குப் போவது அரிது. அவனுடைய தாய்க்கு அந்தச் செய்தியே பாதி மருந்தாக இருந்தது.

இருபக்க வகைதான் பெரும்பான்மை. கண், வாய், மொளி, முழங்கை, முழங்கால், பாதம் என்று இரு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தாற்போல வரும். இதன் போக்கை நாள் குறித்துச் சொல்ல முடியாது. சில மாதம் ஓடும், சில ஆண்டு தூங்கும், மீண்டும் எழும். சிலருக்குச் சில புள்ளிகளோடு நின்றுவிடும். சிலருக்கு மருந்தில்லாமலே கொஞ்சம் நிறம் திரும்பும், முழுதாகத் திரும்புவது குறைவு. மிகச் சிலருக்கே உடம்பு முழுக்கப் போகும். எங்கள் பிள்ளை இந்த வகை.

பொட்டு வைக்கும் இடம் மட்டும் வெளுத்து வரும் பெண்கள் வேறு கதை. ஒட்டுப்பொட்டின் பசையில் இருக்கும் சில இரசாயனங்கள் நிறச் செல்லைக் கொல்லும். றப்பர் செருப்பு வார் படும் இடத்திலும் இது நடக்கும். உடனே நிறுத்தினால் நிறம் திரும்ப வாய்ப்புண்டு. இவளிடமும் கேட்டேன், வைப்பது சந்தனமும் திருநீறும்தான்.

மருந்தும் எரிபொருளும்

யாழ்ப்பாணத்தில் தோல் நிபுணரிடம் அனுப்பக் கடிதம் எழுதினேன். ஜூன் நடுப்பகுதியில், மாங்குளத்தில் ரயில் ஏறிப் போய் வந்தார்கள். அங்கே இருட்டறையில் வூட் விளக்கைப் பிடித்தபோது கண்ணுக்குத் தெரியாத ஆறு புள்ளிகள் நீலவெள்ளையாக ஒளிர்ந்தன. இடுப்பில் பாவாடை நாடா இறுக்கும் கோட்டில் நான்கு, கணுக்காலில் சப்பாத்து உரசும் இடத்தில் இரண்டு. நாடாவைத் தளர்த்தி, சப்பாத்தை ஒரு அளவு பெரிதாக்கச் சொன்னார் நிபுணர். மருந்துச் சீட்டைவிட முதலில் அதைத்தான் எழுதியிருந்தார்.

முகத்துக்குப் பூச டாக்ரோலிமஸ், கைக்கும் காலுக்கும் பூச மொமெற்றசோன் என்ற ஸ்ரீரொயிட் கிறீம். ஓட்டத்தை நிறுத்த, கிழமையில் இரண்டு நாள் மட்டும் டெக்சாமெதசோன் என்ற ஸ்ரீரொயிட் குளிசை 2.5 மில்லிகிராம். வீட்டில் அதற்குச் 'சனி ஞாயிறுக் குளிசை' என்று பெயர் விழுந்தது. இந்தியாவில் பல ஆண்டுகளாகப் பாவித்துத் தேறிய முறை இது. தினமும் ஸ்ரீரொயிட் கொடுப்பதைவிடப் பக்கவிளைவு குறைவு. ஆனாலும் வளரும் பிள்ளை. மாதாமாதம் உயரம், நிறை, இரத்த அழுத்தம், சீனி பார்த்தேன். 16 கிழமையோடு நிறுத்தினோம்.

உண்மையில் அப்போதே தொடங்கியிருக்க வேண்டியது ஒளிச்சிகிச்சை. 311 நனோமீற்றர் அளவிலான குறுகிய பட்டைப் புற ஊதா ஒளி, கிழமைக்கு இரண்டு மூன்று தரம், மாதக்கணக்கில். ஓட்டத்தையும் தடுக்கும், நிறத்தையும் கூப்பிடும். ஆனால் 2022 ஜூனில் துணுக்காயிலிருந்து கிழமைக்கு இரண்டு தரம் நகரத்துக்குப் போய்வா என்று யார் சொல்வது? பள்ளிக்கூடங்களே மூடிக்கிடந்தன. மருந்துத் தட்டுப்பாடு வேறு. எங்கள் மருந்து அறையில் கிறீம் முடிந்து, தாய் கச்சான் பிடுங்கிய கூலியில் வெளியே வாங்கினார். ஒரு ரியூப்பை முகத்துக்கு மட்டும் என்று மிச்சம் பிடித்துப் பாவித்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில் றக்சோலிற்றினிப் கிறீமை வெண்புள்ளிக்குப் பாவிக்க அனுமதி கிடைத்தது. 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் இருபக்க வெண்புள்ளிக்கு, நான் மேலே சொன்ன சங்கிலியை அறுக்கும் மருந்து. செய்தியை வாசித்த அன்று மனம் கனத்தது. எங்கள் பிள்ளைக்கு அது எட்டாது.

ஆனாலும் சனி ஞாயிறுக் குளிசை வேலை செய்தது. பாண் பைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் மே, ஜூன், ஜூலைக் கோடுகள் ஒன்றை ஒன்று தாண்டி வெளியே போகின்றன. ஓகஸ்ட் கோடும் செப்ரெம்பர் கோடும் ஒன்றாகிவிட்டன. கணைக்காலில் புதுக் குறுணல் விழவில்லை. முழங்காலின் பால்தேநீர் வளையம் மறைந்து ஓரம் வெட்டினாற்போல ஆனது. வெள்ளை அப்படியே இருந்தது, ஆனால் நோய் நின்றுவிட்டது. அதைத் தாய்க்கு விளங்க வைப்பது கடினமாக இருந்தது. பிள்ளை கோடுகளைக் காட்டி எனக்கு முன்னாலேயே விளங்க வைத்தாள்.

நிறம் திரும்பிய விதம்

2023 பெப்ரவரியில் அவள் நகரத்திலுள்ள சின்னம்மா வீட்டுக்கு மாறினாள், பள்ளியும் மாறினாள். லேசான முடிவல்ல. தாயைத் தனியே விட்டுப்போக அவளுக்கு மனமில்லை. அனுப்பத் தாய்க்கும் மனமில்லை. நவம்பர்வரை 58 தரம் ஒளி பிடித்தாள். தவணைப் பரீட்சைக் கிழமைகளில் தவறியது, காய்ச்சலில் தவறியது, மற்றபடி போனாள்.

முதலில் முகம். முகத்தில் மயிர்க்கால் அடர்த்தி, அதனால் எப்போதும் முகம் முந்தும். ஜூனுக்குள் கண்ணோரத்தில் வெள்ளை தேடித்தான் காணவேண்டியிருந்தது. மூன்று இமைமயிர் மட்டும் வெள்ளையாகவே நின்றது, இன்றும் நிற்கிறது.

முழங்காலில் எள்ளுத் தூவினாற்போல வெள்ளைக்குள் கறுப்புப் பொட்டுகள் எழுந்தன. ஒவ்வொரு பொட்டும் ஒரு மயிர்க்காலைச் சுற்றி. கிடங்கிலிருந்து செல்கள் ஏறி வருவது கண்முன்னே தெரியும் காட்சி அது. தாய் அதைப் பார்த்துப் புது வருத்தம் என்று பயந்து, கிளினிக் நாளில்லாத ஒரு நாள் ஓடிவந்தார். இப்படி வரும் என்று நான் முன்னமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் குறை. இப்போது எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். பொட்டுகள் அகன்று ஒன்றோடொன்று தொட்டு, ஆண்டு முடிவில் முழங்காலின் முக்கால் பங்கு மூடியது. கணைக்காலின் குறுணல்கள் முற்றாகப் போயின.

மொளிகள் அசையவில்லை. விரல் மொளியிலும் நுனியிலும் மயிர்க்கால் குறைவு, உரசலோ ஓயாது. கிறீமும் ஒளியும் அங்கே தோற்பது எல்லா ஊரிலும் வழமை. கொப்புளம் போடாமல் இருந்திருந்தால் அந்த வெள்ளை பாதியளவில் நின்றிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

ஒளியை நிறுத்திய பிறகு முகத்துக்கு டாக்ரோலிமஸை கிழமைக்கு இரண்டு தரம் தொடரச் சொன்னோம். காரணம் இருக்கிறது. பிரான்சில் நடந்த சிறிய ஆய்வொன்றில், நிறம் திரும்பிய பிறகு மருந்தில்லாத களிம்பு பூசிய இடங்களில் 40 வீதம் மீண்டும் வெளுத்தது. கிழமைக்கு இரண்டு தரம் டாக்ரோலிமஸ் பூசிய இடங்களில் 10 வீதத்துக்கும் குறைவு. 2024 நடுவில் ரியூப் முடிந்தது, முகம் நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். செப்ரெம்பரில் கண்ணோரத்தில் நெல்லளவு வெளிர்ப்பு. ஆனால் இந்த முறை பாமசிக்குப் போகவில்லை, எண்ணெய் காய்ச்சவில்லை, மூன்று மாதம் காத்திருக்கவும் இல்லை. அந்த மாதக் கோட்டை வரைந்தவளே அதைப் பிடித்தாள். பத்தாம் நாள் என் மேசையில். தினமும் பூசத் தொடங்கி, பொங்கலுக்குள் நிறம் வந்தது.

2025 மே மாதம் கடைசியாக வந்தாள். சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துப் பெறுபேற்றுக்குக் காத்திருந்தாள். கையில் ஒரு கோப்பு. உள்ளே திகதி போட்ட பாண் பைகள், ஒவ்வொன்றின் பின்னாலும் சதுரத் தாள். மொளிகளின் கோடு 2022 ஓகஸ்டுக்குப் பிறகு ஒரு கட்டம்கூட நகரவில்லை. ஓர் ஆண்டுக்கு மேல் அசையாத புள்ளிக்கு, நல்ல தோலிலிருந்து நிறச் செல்களை எடுத்து அங்கே வைக்கும் சத்திரசிகிச்சை உண்டு, விருப்பமென்றால் நிபுணருக்கு எழுதுகிறேன், மொளி என்பதால் முழுதாகப் பிடிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றேன். கைகளை மேசைமேல் விரித்து வைத்துக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"இப்ப வேண்டாம் டொக்டர். ஏ.எல் முடியட்டும். அதுவரைக்கும் நான் கீறிக்கொண்டிருக்கிறன்."

அம்மம்மா அருகில் இருந்து, மார்க்கர் மை முடிஞ்சுது, வேறொண்டு இருக்கோ என்று கேட்டார்.